பொது வழியும் பொதியிலும்

தமிழில் 'பொதியில்' என்றொரு பழஞ்சொல் உண்டு. பொது, இல் என்னும் இரண்டு சொற்கள் கூடி அமைந்தது அது என்று புலவர் பொருள் கூறுவர். ஊரார் யாவரும் வந்து கூடியிருத்தற்குரிய இடம். எவர் ஒருவருக்கும் தனியுரிமை இல்லாத வீடு. மன்றம், அம்பலம் என்பனவும் ஏறக்குறைய இப்பொருளனவே. மணிமேகலை அமுதசுரபியை ஏந்திச் சென்று, பசித்து வந்தோர்க்கெல்லாம் சோறிட்ட உலக அறவி என்பதும் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்த ஓர் அம்பலமே அன்றோ? இன்று பொதியில் என்றால் நம்மில் பலருக்கும் அகத்தியர் மலைதான் நினைவுக்கு வரும். வீடு மறைந்து மலை மட்டும் எஞ்சி நிற்கிறது.

ஆங்கிலேயர்களும் இதே இரண்டு சொற்களைச் சேர்த்து ஓரிடத்துக்குப் பெயர் வைத்திருக்கின்றனர். 'பப்ளிக் ஹவுஸ்' என்பது அப்பெயர். சுருக்கி 'பப்' என்பர். சொல்லுக்குச் சொல் எடுத்து வைத்தால் அது பொதியில்தான். ஆனால் அங்கே விற்பது பீர்.

கம்பனையும் வள்ளுவரையும் பற்றிய கட்டுரைகளுக்கு நடுவே இது என்ன பொருள் என்று மலரைப் புரட்டும் அன்பர்கள் வியக்கக்கூடும். நமக்கும் இப்படியொரு கட்டுரை எழுதும் எண்ணம் முன்பு இருந்ததில்லை. ஆயினும் இங்கிலாந்து நாட்டுச் சிற்றூர்களில் விடுமுறை நாளில் ஒரு குடும்பம் முழுவதும், தாத்தா முதல் தள்ளுவண்டிக் குழந்தை வரை, வயல்வெளிகளின் ஊடே நடந்து சென்று, வழியிலுள்ள பப்பில் அமர்ந்து உண்டு, மீண்டும் நடந்து, இன்னொரு பப்பில் இளைப்பாறித் திரும்பும் வழக்கத்தைக் கண்ணால் கண்ட பிறகு, நம் உள்ளத்தில் ஒரு கேள்வி தங்கிவிட்டது. ஓர் இடத்தைப் பொது என்று எப்போது சொல்லலாம்? மறைவில் செய்தால் பழி எனவும், பலர் முன்னிலையில் செய்தால் இயல்பு எனவும் ஒரே செயல் இடத்தைப் பொறுத்து மாறுமா? மாறுமாயின், நாம் ஒழுக்கம் என்று சொல்லிக்கொள்வதில் எவ்வளவு ஒழுக்கம், எவ்வளவு திரைச்சீலை?

நம் தமக்கையாரின் மகன் மான்செஸ்டரில் பணிபுரிகிறார். அவர் அனுப்பிய பயணச்சீட்டின் துணையால் சென்ற ஆண்டு இரண்டு வாரம் அங்குத் தங்க வாய்த்தது. (தனிப்பட்ட அயல்நாட்டுப் பயணத்துக்கு அலுவலகத்தில் தடையில்லாச் சான்று பெறுவதற்குள் பட்ட பாட்டை நோக்க, விசா கிடைத்தது எளிது.) ஒரு சனிக்கிழமை தமக்கையார், மருமகன், அவர் மனைவி, இரண்டு குழந்தைகள் ஆகியோருடன் தொடர்வண்டியில் முக்கால் மணி நேரம் சென்று ஈடேல் என்னும் சிற்றூரில் இறங்கினோம். டெர்பிஷயர் மாவட்டத்தில், 1951இல் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பீக் மாவட்டத்தின் நடுவே அமைந்த ஊர் அது. ஒரு தேவாலயம், ஒரு பள்ளி, சில பண்ணை வீடுகள், இரண்டு பப்கள். ஸ்காட்லாந்தின் எல்லை வரை 268 மைல் நீளும் 'பென்னைன் வே' என்னும் நடைவழி, 1965இல் திறக்கப்பட்டது, அந்தப் பழைய பப்புகளில் ஒன்றின் அருகேதான் தொடங்குகிறது. அவ்வளவு நீண்ட வழிக்கு நாங்கள் துணியவில்லை. ஈடேலிலிருந்து ஹாலின்ஸ் கிராஸ் என்னும் கணவாயை ஏறிக் கடந்து, மறுபுறம் காசில்டன் ஊருக்கு இறங்கி, அங்கிருந்து ஆற்றோரமாக ஹோப் என்னும் ஊருக்குச் சென்று வண்டி ஏறுவது என்பதே திட்டம்.

முதலில் வழியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

ஊரைத் தாண்டியதும் பாதை ஒரு பண்ணைக்காரரின் மேய்ச்சல் நிலத்துக்குள் நுழைந்தது. சாந்து இல்லாமல் அடுக்கிய கல்சுவர்; அதில் ஒரு சிறு மரக்கதவு; கதவின்மேல் மஞ்சள் நிற அம்புக்குறி. உள்ளே ஆடுகள் மேய்கின்றன. "வேறொருவர் நிலத்தில் இப்படி நுழையலாமா?" என்று தமக்கையார் தயங்கி நின்றார். சேலம் மாவட்டத்தில் வரப்புத் தகராற்றில் வெட்டுக்குத்து வரை போன குடும்பங்களை அறிந்தவர் அவர். "நுழையலாம் அம்மா, இது பொதுவழி. நிலம் அவருடையது, வழி எல்லாருக்கும் உரியது" என்றார் மருமகன். அந்த விடையில் ஓர் அறநூலே அடங்கியிருப்பதாக நமக்குத் தோன்றியது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இவ்வாறு தனியார் நிலங்களின் ஊடே செல்லும் பொதுவழிகளின் நீளம் ஏறக்குறைய 2,25,000 கிலோமீட்டர். 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி அவை ஒவ்வொன்றும் உள்ளாட்சி மன்றத்தின் வரைபடத்தில் குறிக்கப்பட வேண்டும். உழவர் தம் வயலின் குறுக்கே செல்லும் வழியை உழுதால், குறித்த நாள்களுக்குள் அதை மீண்டும் நடக்கத் தக்கதாகச் செய்து கொடுக்க வேண்டும். நடப்பவருக்கும் கடமை உண்டு: திறந்திருந்த கதவைத் திறந்தபடியும், மூடியிருந்த கதவை மூடியும் விட்டுச் செல்லுதல் வேண்டும். எங்களுடன் வந்த ஆறு வயதுச் சிறுமி ஒவ்வொரு கதவையும் தானே மூடித் தாழிடுவேன் என்று அடம்பிடித்தாள். அந்நாட்டுப் பிள்ளைகள் அரசியல் சட்டத்தை இப்படித்தான் கற்கிறார்கள் போலும்.

இந்த உரிமை எப்படிப் பிறக்கிறது என்பதே வியப்புக்குரியது. அரசர் கொடுத்ததன்று, விலைக்கு வாங்கியதும் அன்று. ஒரு வழியை மக்கள் இருபது ஆண்டுகள் இடையறாது நடந்து பயன்படுத்தியிருந்தால், நில உரிமையாளர் அதைப் பொதுவுக்கு அளித்துவிட்டதாகவே கொள்ள வேண்டும் என்பது, அவர் மறுப்பைத் தெளிவாகக் காட்டியிருந்தாலன்றி, 1932 முதல் அங்குள்ள சட்டம். ஆனால் அந்த நடைக்கு மூன்று இலக்கணம் உண்டு. வலிந்து நுழைந்ததாக இருத்தல் கூடாது. ஒளிந்து சென்றதாக இருத்தல் கூடாது. கேட்டுப் பெற்ற அனுமதியாகவும் இருத்தல் கூடாது. வலியாமல், ஒளியாமல், இரவாமல் நடந்த காலடிகளே உரிமையாகின்றன. ரோமானியச் சட்டத்திலிருந்து வந்த இக்கோட்பாட்டில் 'ஒளியாமல்' என்னும் நிபந்தனையை மட்டும் அன்பர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம். பின்னர் அது தேவைப்படும்.

கணவாய்க்கு ஏறும் அந்த வழிக்குப் பிணவழி என்றும் ஒரு பெயர் உண்டு. 1633ஆம் ஆண்டு வாக்கில் ஈடேலில் சிற்றாலயம் எழும்வரை அவ்வூரில் இறந்தோரை மலையைத் தாண்டி ஹோப் ஊர்த் தேவாலயத்துக்குச் சுமந்து சென்றே புதைத்தனர். பின்னர் ஈடேலில் பஞ்சாலை ஏற்பட்ட காலத்தில், காசில்டனிலிருந்து வேலைக்கு வந்த பெண்களும் இதே கணவாயைக் கடந்தே நடந்தனர். பிணத்தைச் சுமந்த தோள்களும் கூலிக்குச் சென்ற கால்களும் உண்டாக்கிய வழி, இன்று விடுமுறைக் குடும்பங்களுக்கு உலாவும் வழியாயிற்று. இதைக் கேட்ட தமக்கையார், "பிணம் போன வழியிலா பிள்ளைகளைக் கூட்டிப் போகிறோம்?" என்று ஒரு கணம் முகம் சுளித்தார். பிறகு ஏறத் தொடங்கினார்.

ஆயினும் இதையெல்லாம் ஆங்கிலேயரின் பெருந்தன்மை என்று போற்றிவிட்டால் உண்மைக்கு மாறாகும். அதே நாட்டுப் பாராளுமன்றம்தான் 1604க்கும் 1914க்கும் இடையே ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட அடைப்புச் சட்டங்களை இயற்றி, இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நிலத்தைப் பொதுப் பயன்பாட்டிலிருந்து நீக்கி வேலியிட்டது. மலைப்புறங்கள் பலவும் பிரபுக்களின் வேட்டைக் காடுகளாயின. ஈடேலுக்கு மேலே நிற்கும் கிண்டர் ஸ்கௌட் என்னும் மேட்டுநிலமும் அவற்றுள் ஒன்று. 1932 ஏப்ரல் 24 அன்று, மான்செஸ்டர் நகர ஆலைத் தொழிலாளர் முதலிய இளைஞர் சில நூறு பேர், பென்னி ராத்மன் என்னும் இருபது வயது இளைஞரின் தலைமையில், மறுபுறத்து ஹேஃபீல்டு ஊரிலிருந்து தடையை மீறி அதன்மேல் ஏறினர். காவலர்களுடன் கைகலப்பு நேர்ந்தது. பிறர் நிலத்தில் நடந்தது அந்நாட்டில் சிறைக்குரிய குற்றமன்று. ஆகவே கலகம் முதலிய குற்றங்களைச் சாட்டி ஐவரைச் சிறையிலிட்டனர். எழுபது ஆண்டு கழித்து, 2002இல் நடந்த நினைவு விழாவுக்கு வந்த டெவன்ஷயர் பிரபு, தம் பாட்டனார் காலத்தில் இழைக்கப்பட்ட தவற்றுக்காக வெளிப்படையாக வருந்தினார். அதற்கு இரண்டாண்டு முன்னரே மலை, தரிசு, புல்மேடு ஆகியவற்றில் எவரும் நடக்கலாம் என்னும் சட்டம் நிறைவேறியிருந்தது.

இந்த வரலாற்றை மருமகன் சொல்லிக்கொண்டு வந்தபோது நம் நினைவு வைக்கத்துக்குச் சென்றது. கிண்டர் ஸ்கௌட்டுக்கு எட்டாண்டு முன்னர், 1924 மார்ச்சில், திருவிதாங்கூரின் வைக்கத்தில், கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காக ஒரு போராட்டம் தொடங்கிற்று. ஈரோட்டிலிருந்து பெரியார் சென்று சிறைப்பட்டார். நாகம்மையாரும் அதில் பங்கு கொண்டார். அங்கே கேள்வி நிலம் யாருடையது என்பதன்று. தெரு பொதுத்தெருதான், நாயும் மாடும் தடையின்றிப் போயின. நடப்பவர் எந்தத் தாயின் வயிற்றில் பிறந்தார் என்பதே தடை. இருபது மாதப் போராட்டத்துக்குப் பிறகும் கீழ்ப்புறத் தெரு விலக்கப்பட்டே பிற தெருக்கள் திறந்தன. ஆங்கிலேயன் வேலி போட்டது நிலத்துக்கு. நாம் வேலி போட்டது காலுக்கு. எது கொடிது என்று தராசு பிடிக்க நாம் விரும்பவில்லை. ஆனால் இங்கிலாந்தின் சிற்றூர் வழிகளைக் கண்டு மகிழ்ந்து திரும்பும் தமிழன், நம் ஊரில் பொது என்று பெயர் பெற்ற வழியில் நடக்க எத்தனை பேர் எத்தனை தலைமுறை காத்திருந்தனர் என்பதையும் உடன் எண்ணியாக வேண்டும்.

கணவாயின் உச்சியில் காற்று பலமாக அடித்தது. இருபுறமும் பள்ளத்தாக்கு. அதை வருணிக்கும் ஆற்றல் நமக்கில்லை.

காசில்டனில் இறங்கியபோது பிற்பகல் ஒரு மணி. தெருவில் வரிசையாகப் பல பப்கள். வாசலில் படம் எழுதிய பலகை தொங்கும். எழுத்தறியாதார் மிகுந்திருந்த காலத்து ஏற்பாடு அது. மருமகன் ஒன்றைத் தேர்ந்து குழந்தைகளுடன் உள்ளே சென்றார். தமக்கையார் வாசலில் நின்றுவிட்டார்.

"தம்பி, இது சாராயக்கடைதானே?"

"சாப்பாட்டுக்கடையும்தான் அக்கா. தேநீரும் தருவார்கள்."

"அது இருக்கட்டும். அதுவும் விற்கிறார்கள் அல்லவா?"

விற்கிறார்கள் என்றோம். அவர் வெளியே இருந்த மரப்பலகையில் அமர்ந்துகொண்டார். "எனக்கு இங்கேயே கொண்டுவந்து கொடுங்கள்" என்றார்.

உள்ளே நாம் கண்டதை உள்ளபடி கூற வேண்டும். ஒரு மூலையில் கணப்பு எரிந்தது. மேசைக்கு அடியில் ஒரு நாய் உறங்கியது. பக்கத்து மேசையில் மூன்று தலைமுறைக் குடும்பம். பாட்டனார் ஒரு கோப்பை பீரை ஒரு மணி நேரம் வைத்திருந்தார். பேத்தி உருளைக்கிழங்கு வறுவலைத் தின்றபடி படம் வரைந்துகொண்டிருந்தாள். சேறு படிந்த காலணியுடன் வந்தவரை எவரும் முகம் சுளிக்கவில்லை. குரல் உயரவில்லை. நாம் அருந்தியது இஞ்சி பீர். பெயரில் மட்டுமே பீர். குழந்தைகளுடன் பெற்றோர் அங்கு அமர்வது இன்று இயல்பாகிவிட்டதேயன்றி எப்போதும் இருந்ததன்று. 1908ஆம் ஆண்டுச் சட்டம் பதினான்கு வயதுக்குட்பட்டோரை மதுக்கூடத்தினுள் விடலாகாது என்றது. அத்தடை தொண்ணூறுகளில்தான் தளர்ந்தது. பதினெட்டு வயது நிரம்பாதவருக்கு மது விற்பது குற்றம். ஏற்கெனவே குடிமயக்கத்தில் இருப்பவருக்கு மேலும் ஊற்றிக் கொடுத்தலும் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி கடைக்காரரின் குற்றம். அச்சட்டம் எவ்வளவு கண்டிப்பாக நடைமுறையில் இருக்கிறது என்பது வேறு.

இங்கேதான் நம் அலுவலக வாழ்வு குறுக்கிட்டது. மத்திய அரசு ஊழியர்க்கான 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 22ஆம் விதி மதுவைப் பற்றியது. சுற்றறிக்கைகளில் அதை எத்தனை முறை தட்டச்சு செய்திருப்போம்! பணிநேரத்தில் மயக்கத்தில் இருத்தல் கூடாது. பொது இடத்தில் குடித்தல் கூடாது. குடித்துவிட்டுப் பொது இடத்தில் தோன்றுதலும் கூடாது. பொது இடம் என்றால் என்ன என்பதற்கும் விளக்கம் உண்டு: கட்டணம் கொடுத்தோ கொடுக்காமலோ பொதுமக்கள் நுழையக்கூடிய எந்த இடமும், ஊர்தி உட்பட, பொது இடமே. விதியைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அரசு ஊழியர் மக்கள் முன் தடுமாறி நிற்பது தகாது என்பதில் ஐயமில்லை. ஆனால் விதி நம்மை எங்கே கொண்டு நிறுத்துகிறது என்று எண்ணிப் பாருங்கள். குடிக்க வேண்டுமானால் கதவைச் சாத்திக்கொள் என்பதே அதன் நடைமுறைப் பொருளாகிவிட்டது. ஆங்கிலேயன் பொது இல்லத்தில் குடி என்கிறான். நாமோ பொது அல்லாத இடத்தில் குடி என்கிறோம்.

தலைநகரில் வாழும் நம் குடும்பங்களில் இது எவ்வாறு நடைபெறுகிறது என்பதை அறியாதார் யார்? சனிக்கிழமை இரவு நண்பர் நால்வர் ஒரு குடியிருப்பில் கூடுவர். திரை இழுக்கப்படும். மனைவியும் குழந்தைகளும் உள்ளறைக்கு அனுப்பப்படுவர். உள்ளறையிலிருந்து வறுத்த முந்திரி மட்டும் வெளியே வரும். மறுநாள் காலை அதே நால்வர் மலைமந்திர் வரிசையில் திருநீற்றுடன் நிற்பர். பிள்ளைகள் எல்லாவற்றையும் அறிவர். அறியாதவர் போல் இருக்கவும் கற்றுக்கொள்வர். மதுவைக் காட்டிலும் இந்த இரண்டாவது பாடமே அவர்களுக்கு நாம் தரும் நஞ்சு என்பது நம் கருத்து.

வள்ளுவர் கள்ளுண்ணாமையை அறத்துப்பாலில் வைக்கவில்லை. பொருட்பாலில், வரைவின் மகளிர்க்கும் சூதுக்கும் இடையே, தொண்ணூற்று மூன்றாம் அதிகாரமாக வைத்தார். உரையாசிரியர் அதை நட்பியலில் அடக்குவர். அவ்வதிகாரத்தைக் கூர்ந்து படிப்போர் ஒன்றைக் காணலாம். கள்ளால் உடலுக்கு என்ன கேடு என்பதைவிட, உண்டவன் முகத்தைப் பார்க்கும் பிறர் முகங்களைப் பற்றியே அவர் மிகுதியும் பேசுகிறார். ஈன்ற தாயின் முகம், சான்றோர் முகம், ஒளித்துக் குடிப்பவனை அறிந்து நகும் உள்ளூரார் முகம். ஆக, வள்ளுவருக்கும் இது மற்றவர் கண் பற்றிய கேள்வியே. அதே தமிழில், அதியமான் மறைந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டு, அவன் கள்ளைப் பகிர்ந்து கொடுத்த பண்பை நினைந்து அழுகிறது. பலர் நடுவே, பகிர்ந்து, பாட்டோடு உண்ட கள் அது. இவ்விரண்டையும் ஒரே மரபின் பிள்ளைகளாகிய நாம் எப்படிப் பொருத்துவது?

இத்தகைய எண்ணங்களோடு வெளியே வந்து தமக்கையார் அருகே அமர்ந்தோம். மருமகன் தம் கருத்தை எடுத்துரைத்தார். எல்லாரும் பார்க்கும்படி, பிள்ளைகள் பக்கத்தில் இருக்க, உணவோடு ஒருவர் அருந்தும்போது அளவு தானே வந்துவிடுகிறது. ஒளித்து வைப்பதாலேயே நம் ஊரில் அது வெறியாகிறது என்பது அவர் வாதம். நாமும் ஏறக்குறைய அதே கருத்தில் இருந்தோம்.

தமக்கையார் தேநீரைக் கீழே வைத்தார். நிதானமாகவே பேசினார்.

"உன் அப்பா ஒளிந்து குடித்தவர் இல்லை. திண்ணையில் உட்கார்ந்து குடித்தார். நீயும் உன் தங்கையும் பக்கத்தில்தான் இருந்தீர்கள். தெருவே பார்த்தது. முதலில் ஒன்றரை ஏக்கர் போயிற்று. பிறகு இரண்டு தறியும் போயின. பார்த்தவர்கள் என்ன செய்தார்கள்? பார்த்தார்கள். வெளிச்சத்தில் குடித்தால் அளவு வருமென்றால் என் வீட்டில் வந்திருக்க வேண்டும்."

மருமகன் தலைகுனிந்தார். நமக்கும் விடை எழவில்லை. இந்தியாவில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்த வரலாற்றில் சேலத்துக்கு முதலிடம் உண்டு. 1937 அக்டோபரில் இராஜாஜியின் அமைச்சரவை அம்மாவட்டத்தில்தான் அதைத் தொடங்கியது. 1971இல் அது நிறுத்தப்பட்டது. மூன்றாண்டில் மீண்டும் வந்தது. பின்னர் மீண்டும் போயிற்று. 2003 முதல் சில்லறை விற்பனையும் அரசு நிறுவனத்தின் கைக்கே வந்தது. கொள்கை இவ்வாறு வந்தும் போயும் கொண்டிருந்த ஆண்டுகளில்தான் நம் தமக்கையாரின் தறிகள் விலைபோயின.

அவர் சொன்னதை நாம் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறோம். கண்கள் இருந்தன என்பது மட்டும் போதாது என்பதே அதன் சாரம். பார்ப்பதற்கும் உடனிருப்பதற்கும் வேறுபாடு உண்டு. தெருவார் பார்த்தார்கள், ஒருவரும் அவர் கையிலிருந்த கோப்பையைப் பற்றிக் கேட்கும் உரிமை தமக்கிருப்பதாக எண்ணவில்லை. கடை என்பது கம்பிவலைக்குப் பின்னாலிருந்து நீளும் ஒரு கையாக மட்டுமே இருக்கும் இடத்தில், விற்பவனுக்கு வாங்குபவன் முகமே தெரியாது. காசில்டன் பப்பில் உணவு பரிமாறிய பெண்மணிக்கு அந்தப் பாட்டனாரின் பெயர் தெரிந்திருந்தது. போன வாரம் ஏன் வரவில்லை என்று கேட்டார். அந்தக் கேள்வியில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. ஆனால் அதுவும் ஒரு வீட்டைக் காப்பாற்றப் போதுமானதா என்றால், உறுதி கூற இயலாது. குடியால் அழிந்த குடும்பங்கள் அந்நாட்டிலும் உண்டு. 1751இலேயே ஹோகார்த் என்னும் ஓவியர் ஜின் மதுவால் சீரழிந்த இலண்டன் தெருவைப் படமாக்கியிருக்கிறார். ஒரு சனிக்கிழமைக் காட்சியைக் கொண்டு ஒரு நாட்டின் நெஞ்சை அளந்துவிட முடியாது.

மேலும், அந்தப் பொது இல்லமும் எல்லார்க்கும் பொதுவாக இருந்ததன்று. பர்மிங்காமை அடுத்த ஸ்மெதிக் நகரில் வார்ப்பாலைகளில் உழைத்த பஞ்சாபியருக்கு அறுபதுகளில் சில பப்களின் சில அறைகள் மூடப்பட்டிருந்தன. உழைப்பு ஒரே உலையில். இளைப்பாறுதல் வேறு அறையில். அமெரிக்கக் கறுப்பின மக்களின் தலைவர் மால்கம் எக்ஸ் 1965 பிப்ரவரி 12 அன்று அங்கு வந்து, இந்தியத் தொழிலாளர் சங்கத்தாருடன் ஒரு பப்புக்குச் சென்றபோது அவருக்கும் அந்த அறையில் மறுக்கப்பட்டது. ஒன்பது நாள் கழித்து அவர் நியூயார்க்கில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வாண்டு இறுதியில் இனவுறவுச் சட்டம் நடப்புக்கு வந்து பொது இடங்களில் இத்தகைய விலக்கைச் சட்டமீறலாக்கியது. பின்னர் அப்பகுதியின் பப்கள் பலவற்றைப் பஞ்சாபியரே ஏற்று நடத்தலாயினர். பெண்களின் கதையோ இன்னும் நீண்டது. இலண்டன் ஃப்ளீட் தெருவில் ஒரு மதுக்கூடம், பெண்கள் நின்றுகொண்டு வாங்கலாகாது, பின்னறையில் அமர்ந்தே பெற வேண்டும் என்று வைத்திருந்த வழக்கத்தை மேல்முறையீட்டு நீதிமன்றம் தவறென்று தீர்த்தது 1982இல்தான்.

இதைப் படித்துவிட்டு ஆங்கிலேயனை ஏசுவது எளிது. நம் ஊர்த் தேநீர்க்கடைகளில் இரட்டைக் குவளை இருந்ததை அறிந்த நாம் எந்த வாயால் ஏசுவது? அங்கே விற்றது மதுவன்று, தேநீர். கடை தெருவின் நடுவே, பட்டப்பகலில், எல்லார் கண் முன்னும் இருந்தது. திரை இல்லை, மறைவு இல்லை. ஒளியாமல் செய்த கொடுமை அது. ஆதலால் வெளிச்சமே அறம் என்று கொள்வதற்கில்லை என்பதைத் தமக்கையாரின் திண்ணை மட்டுமன்று, நம் தேநீர்க்கடையும் சொல்கிறது. வழியைப் பற்றிய அந்தச் சட்டத்தில் ஒளியாமை மூன்றில் ஒன்றுதானே? வலியாமை என்பதும் உடன் இருக்கிறது. எவரையும் வலிந்து தள்ளாத இடமாகவும் இருந்தால்தான் அது பொது.

காசில்டனிலிருந்து ஹோப் செல்லும் வழி சிறிய ஆற்றை ஒட்டியது, சமதளம். பாதி தொலைவில் மழை பிடித்துக்கொண்டது. ஹோப் ஊரில் வண்டிக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. குழந்தைகள் நனைந்து நடுங்கின. தெருமுனையில் ஒரு பப்; அதன் சன்னலில் விளக்கொளி. மருமகன் தாயை ஏறிட்டுப் பார்த்தார், அழைக்கவில்லை. தமக்கையார் பேரனின் கையைப் பற்றிக்கொண்டு தாமே உள்ளே நுழைந்தார். மதுமேடைக்கு முதுகைக் காட்டிக் கணப்பை நோக்கி அமர்ந்து, பேரனின் தலையைத் தம் முந்தானையால் துவட்டினார். எதிரே இருந்த முதிய மாது ஒருவர் ஏதோ கேட்டார், மருமகள் மொழிபெயர்த்தார். இருவரும் பேரப்பிள்ளைகளின் வயதை விரல்விட்டுக் காட்டிக்கொண்டனர். அன்று மாலையோ பின்னரோ தமக்கையார் தம் கருத்தை மாற்றிக்கொண்டதாக எதுவும் கூறவில்லை. நாமும் கேட்கவில்லை.

அந்நாட்டிலும் இப்போது சிற்றூர்ப் பப்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு வருகின்றன. சில ஊர்களில் மக்களே பங்குகள் சேர்த்து அவற்றை விலைக்கு வாங்கி நடத்துகின்றனர்; 2011ஆம் ஆண்டின் ஒரு சட்டம், ஊருக்குப் பயன்படும் கட்டடம் என்று அதைப் பதிவு செய்து, விற்பனைக்கு வரும்போது ஊரார் விலை பேச அவகாசம் தருகிறது. பீருக்காக இவ்வளவு பாடா என்று கேட்கலாம். ஊரில் கூடியிருக்க வேறு கூரை இல்லை என்பதே அவர்கள் விடை.

நமக்கு இந்நகரில் அத்தகைய கூரை எது? கோயில் உண்டு, அங்கு வழிபட்டுத் திரும்புகிறோம். பூங்கா உண்டு, முதியோர் காலையில் சுற்றி நடந்து, பேசாமல் வீடு திரும்புகின்றனர். குடும்பம் முழுவதும் ஒரே நேரத்தில், ஒரே காரணமுமின்றிச் சென்று அமரத்தக்க இடம் என்றால், தமிழ்ச் சங்கத்தின் அரங்கத்தைத் தவிர வேறொன்று நம் நினைவுக்கு வரவில்லை. அதுவும் விழா நாளில் மட்டுமே நிறைகிறது.

2025 ஜூன் முதல் நாளன்று, ஜங்புராவை அடுத்து பாராபுல்லா வடிகாலின் கரையிலிருந்த மதராசி முகாம் நீதிமன்ற ஆணைப்படி இடிக்கப்பட்டது. மூன்னூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வீடுகள். வாழ்ந்தோரில் பெரும்பாலோர் தமிழர், பல பத்தாண்டுகளாக நம் குடியிருப்புகளில் வீட்டு வேலை செய்தவர்கள். பாதிப்பேர் அளவுக்கே தொலைவிலுள்ள நரேலாவில் மாற்று வீடு பெறத் தகுதியுடையோர் எனப்பட்டனர். வடிகாலை அடைத்திருந்த குடியிருப்பு என்பதால் ஆணையின் நியாயத்தை இங்கு ஆராயவில்லை. செய்தியைப் படித்த அன்று மாலை நண்பர் ஒருவருடன் பேசிக்கொண்டிருந்தோம். சங்க விழாக்களுக்கு இருபதாண்டுகளாகத் தவறாமல் செல்பவர் அவர். அம்முகாமிலிருந்து எவரேனும் விழாவுக்கு வந்து முன்வரிசையில் அமர்ந்து பார்த்ததுண்டா என்று கேட்டோம். அவர் சற்று யோசித்தார்.

"வரக்கூடாதென்று எவரும் சொல்லவில்லையே" என்றார்.